பொம்பளைச் சீக்கு

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முதலில் என் மீசையைப் பார்ப்பார். அப்புறம், தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று என் மனைவி பேச்சியம்மாளைப் பார்ப்பார். "எனக்கில்ல, அவியளுக்குத்தான்" என்பாள் பேச்சி. உடனே அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அதை அடக்க அவர் இருமுவார், தண்ணீர் கேட்பார், மின்விசிறியைப் பார்ப்பார். அடக்கியவர்கள் மீதே எனக்கு மரியாதை இல்லை. அடக்காமல் சிரித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் பட்டாளத்தில் ரேடார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கான்சாபுரம். அங்கே நிலபுலன்களை என் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகள் ரேவதி ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக வேலை பார்க்கிறாள். மத்தியானம் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாள்.

ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்புக் காம்புக்குப் பின்னால் பட்டாணி போல ஏதோ கையில் தட்டியது. வலி இல்லை. சில வாரங்களில் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. தெருக்கோடி டாக்டரிடம் போனேன். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லாமலே, "கொழுப்புக் கட்டியா இருக்கும். ஆம்பளைக்கு அங்க என்ன வரப் போகுது" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்தக் களிம்பை நானும் ஒழுங்காகத் தடவினேன்.

அந்தச் சமயத்தில் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மார்பகப் பரிசோதனை முகாம் போட்டார்கள். யார் போட்டது என்று சொல்ல விரும்பவில்லை. மேடையும் மைக்கும் சால்வையும் இருந்தன. பெண்களை வரிசையாக உட்காரவைத்து, நோயை முன்பே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்று ஒருவர் நெடுநேரம் பேசினார். பேசியது அத்தனையும் சரி. ஆனால் பேச்சும் போட்டோவும் முடிந்தபோது, பரிசோதனைக்கு வந்திருந்த டாக்டரம்மாள் கிளம்பும் நேரமாகிவிட்டது. பாதிப் பெண்களைக் கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். நான் பேச்சிக்குத் துணையாகப் போயிருந்தேன். அவளுக்குப் பார்த்து முடித்ததும் அங்கிருந்த தொண்டரிடம் கேட்டேன்.

"எனக்கும் ஒரு கட்டி இருக்கு. செத்த நேரம் பாக்கச் சொல்ல முடியுமா?"

"சார், இது லேடீஸ் கேம்ப்."

"கட்டிக்கு அது தெரியாதே."

அந்தப் பையன் சிரித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவனிடம் காதில் சொன்னான், அவனும் சிரித்தான். மைக்கில் பேசியவர்கூட என்னவென்று கேட்டுச் சிரித்தார். பொதுச் சுகாதாரம் என்பது பொதுமக்களைக் கும்பலாக உட்காரவைப்பது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். பேச்சி சிரிக்கவில்லை. "நாளைக்கே ராஜபாளையம் போறோம். கடையைப் பூட்டுங்க" என்றாள்.

ராஜபாளையத்தில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் ஓர் இளம் அறுவை சிகிச்சை டாக்டர் இருந்தார். அவர் சட்டையைக் கழற்றச் சொன்னார், அக்குள் வரை அழுத்திப் பார்த்தார், சிரிக்கவில்லை. "மேமோகிராம் எடுத்துருவோம், அப்புறம் ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்" என்றார். மேமோகிராம் என்பது மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுக்கி எடுக்கும் எக்ஸ்ரே. நசுக்க எதுவும் இல்லாத என்னை அந்த இயந்திரத்துக்குள் அவர்கள் இழுத்துப் பிடித்துப் பொருத்திய விதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வெளியே காத்திருந்த இடத்தில் எல்லோரும் பெண்கள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டு, நான் எழுந்ததும், "பேஷன்ட்தான் வரணும், அட்டெண்டர் அங்கேயே இருங்க" என்றாள். மூன்று முறை எழுந்தேன், மூன்று முறையும் உட்காரச் சொன்னாள்.

சதைப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கேன்சர்தான், அக்குளில் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கிறது, மார்பை எடுத்துவிட்டு மருந்தும் கதிரும் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது இது இருந்ததா?"

"இல்ல" என்றேன்.

பேச்சி என் முழங்கையைத் தொட்டாள். திரும்பும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்க அக்காவுக்கு இருந்துச்சு."

என் அக்கா தனலட்சுமி செத்தபோது நான் எல்லையோரத்தில் ஒரு முகாமில் இருந்தேன். காய்ச்சல் என்று அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் கைக்கு வரும்போது காரியமே முடிந்திருந்தது.

"காய்ச்சல்ல செத்தா பேச்சி."

"உங்கண்ணன் அப்படித்தான் சொல்லுவாக. மார்ல புண்ணுன்னு ஊர்ப் பொம்பளைக பேசிக்கிட்டாக. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல கேட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எனக்குத் தெரியாது. பஸ் நின்றதும் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நாட்களில் பார்க்க வந்தவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்தேன். காரணம் சொல்ல வந்தவர்கள், மருந்து சொல்ல வந்தவர்கள். காரணம் சொன்னவர்கள் ஒரே குரலில், ரேடாரில் வேலை பார்த்ததால்தான் வந்தது என்றார்கள். ரேடார் அலை நம் உடம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ நூலை அறுக்கும் பலம் அதற்குக் கிடையாது. அந்தப் பலம் எக்ஸ்ரேக்கு உண்டு. ஒன்று கையால் தள்ளுவது, இன்னொன்று ஊசியால் குத்துவது. நாள் முழுக்கத் தள்ளினாலும் துளை விழாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, என் வீட்டு மாடியிலிருந்து செல்போன் டவர் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார்கள்.

மருந்து சொன்னவர்களில் ஒருவனை மறக்க முடியாது. பேச்சிக்குத் தம்பி முறை. ஒரு நீலப் பாட்டிலை என் தலைமாட்டில் வைத்தான்.

"மச்சான், இது குவாண்டம் எனர்ஜி ஏத்துன தண்ணி. உடம்புல உள்ள செல்லை எல்லாம் ரிப்பேர் பண்ணிரும்."

"குவாண்டம்னா என்ன மாப்பிள்ளை?"

"அது ஃபாரின் டெக்னாலஜி மச்சான்."

"எந்தச் செல்லை ரிப்பேர் பண்ணும்? நல்ல செல்லையா, கேன்சர் செல்லையா?"

"எல்லாத்தையும் பண்ணும்."

"அப்ப கேன்சர் செல்லும் தெம்பா எந்திரிச்சு உக்காந்துக்கிடுமே."

அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் அந்தப் பாட்டிலை விற்க மாட்டான். செய்தித்தாளில் வந்த ஆராய்ச்சி என்று சொல்லி எதையோ என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனான். திறந்து பார்த்தேன். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எலியின் செல்லில் எதையோ கண்டிருக்கிறார்கள். கீழே இருந்ததை எவனும் படிக்கவில்லை, தலைப்பில் மட்டும் புற்றுநோய் ஒழிந்திருந்தது. பேச்சி அந்தத் தண்ணீரை ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, பாட்டில் நன்றாக இருக்கிறது என்று கழுவி வைத்துக்கொண்டாள்.

மருந்து ஏற்றிய மாதங்களில் முடி போனது, மீசையும் போனது. மீசை போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. சாப்பாடு இரும்பு மாதிரி ருசித்தது. ரேவதி மத்தியானத்தில் வந்து, தன் டப்பாவில் இருக்கும் தயிர்ச்சோற்றில் எலுமிச்சை ஊறுகாயைப் பிசைந்து, "இது மட்டும் இறங்கும் சித்தப்பா" என்று வைத்துவிட்டுப் போவாள். இறங்கியது. பட்டாளத்துக்காரன் என்பதால் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை நான் சுமக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் இரண்டு பேர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் கதிர்ச் சிகிச்சைக்கு மதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். படுக்கவைத்து, தோலில் குறி போட்டு, இயந்திரத்தைச் சுழலவிடுவார்கள். வலிக்காது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குத்தான் அவ்வளவு தூரம். வீட்டுக்கு வந்தால், எதிர்வீட்டு அம்மாள் என்னைக் கண்டதும் பேரனை இழுத்து உள்ளே விடுவாள். என் மேலிருந்து கதிர் வீசுமாம். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா என்று கேட்டேன். அவள் கதவையும் சாத்திக்கொண்டாள்.

அங்கே எனக்கான கதிரின் அளவைக் கணக்குப் போட்டவர் ஓர் இளம்பெண், இயற்பியல் படித்தவர். மருத்துவமனையில் டாக்டர் இல்லாத இப்படி ஒருவர் இருப்பார் என்பதே எனக்குப் புதிது. ஏன் மொத்தமாகக் கொடுக்காமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கதிர் பட்டா நல்ல செல்லோட டிஎன்ஏவும் அறும் சார். ஆனா நல்ல செல் மறுநாளைக்குள்ள பெரும்பாலும் தைச்சுக்கும். கேன்சர் செல்லுக்கு அவ்வளவு நல்லா தைக்க வராது. அந்த இடைவெளிக்காகத்தான்."

"ஒரு நொடிக்குள்ள மொத்தக் கதிரையும் குடுத்துப் பாக்குறாகன்னு படிச்சேனே."

"ஆமா சார், ஆராய்ச்சி நடக்குது. அப்படிக் குடுத்தா நல்ல செல்லுக்குச் சேதாரம் குறையுதுன்னு எலியில பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு இப்பத்தான் ஜாக்கிரதையா ஆரம்பிச்சிருக்காங்க."

"ஏன் குறையுது?"

"தெரியல சார். நாலு விதமா சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது."

நோய் வந்ததிலிருந்து என்னிடம் 'தெரியாது' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அங்கேயே ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ஆணுக்கு இந்த நோய் வந்தால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். முடிவைச் சொன்னவர் மரபணு ஆலோசகர், நடுத்தர வயதுப் பெண்மணி.

"நம்ம செல்லுக்குள்ள டிஎன்ஏ தினமும் அங்கங்க அறும். அதைத் தைக்க ஆள் இருக்கு. அந்த ஆளை உண்டாக்குற ஒரு மரபணு, பிஆர்சிஏ-2ன்னு பேரு, உங்களுக்குப் பிறவியிலேயே பழுது. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு எல்லாருக்கும் ரெண்டு பிரதி உண்டு. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணை வச்சு இத்தனை வருஷம் ஓட்டிட்டீங்க. ஒரு செல்லுல அந்த ரெண்டாவதும் கெட்டுச்சு. அங்கதான் ஆரம்பிச்சது."

அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது என்றார். அது பழுது பார்க்காது. பழுது பார்ப்பதைத் தடுக்கும். செல்லுக்குப் பழுது பார்க்க இன்னும் வேறு வழிகள் உண்டு. கேன்சர் செல்லுக்கு ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கிறது. மாத்திரை இன்னொன்றையும் அடைத்தால் அது அறுந்த நூலோடு சாகும். நல்ல செல்லுக்கு முதல் வழி திறந்திருப்பதால் பிழைத்துக்கொள்ளும். பல வருடங்கள், எங்கெங்கோ யார் யாரோ ஒரு செல் எப்படித் தைக்கிறது என்பதை மட்டும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த மாத்திரையைத்தான் இன்றுவரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

"உங்க கூடப் பிறந்தவங்களும் பாக்கணும். அவங்களுக்கு இருக்குறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தா அவங்க பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி" என்றார்.

மறுநாள் கான்சாபுரம் போனேன். அண்ணன் களத்தில் நின்றிருந்தார். வீட்டுக்குள் போகலாம் என்றேன். இங்கேயே சொல் என்றார். சொன்னேன்.

"ஏலே, ஒனக்கு வந்தது பொம்பளைச் சீக்கு. அதை ஊரெல்லாம் தமுக்கடிக்கிறதே அசிங்கம். இதுல என்னையும் ரத்தம் குடுக்கச் சொல்லுதியா?"

"அக்காவுக்கு என்ன வந்துச்சுண்ணே?"

"காய்ச்சல்."

"மார்ல காய்ச்சலா?"

அவர் களத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரேவதிக்கு ராஜபாளையத்துல எடம் முடியப் போகுது. நல்ல குடும்பம். நீ இந்தப் பேச்சை எடுத்தேன்னா எங்க வாசப்படி ஏறாத."

"ஏறல" என்றேன். வரும் வழியெல்லாம் அவர் மேல் எனக்கு இருந்தது கோபம் அல்ல. கோபப்பட ஒருவனைச் சமமாக நினைக்க வேண்டும்.

ரேவதியிடம் நான் அன்றே சொன்னேன். அவள் வளர்ந்த பெண், சம்பாதிக்கிறவள், அவள் உடம்பு. சாப்பிட்டுக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"அப்பா பாத்து இல்லைன்னா நான் பாக்க வேண்டாம். அப்படித்தானே சித்தப்பா?"

"ஆமா."

"அப்பா பாக்க மாட்டாக. அப்ப நான் பாக்குறேன். எனக்கு இருந்தா அவியளுக்கும் இருக்குன்னு அர்த்தம்."

"ஆமாம்மா."

"சரி" என்று கை கழுவப் போனாள்.

அவளுக்கு இருந்தது. நோய் இல்லை; பழுதான மரபணு மட்டும். வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும், பின்னால் அறுவை சிகிச்சை பற்றி முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். அவள் முதலில் போன் செய்தது ராஜபாளையத்து மாப்பிள்ளைக்கு. அவர்கள் ஒரு வாரம் யோசித்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்தபோது பொருந்திய ஜாதகம். உண்மையைச் சொல்லி வேண்டாம் என்றிருந்தால்கூட அவர்களை மனிதர்களாக மதித்திருப்பேன்.

அன்று இரவே ரேவதி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் என் கடை வாசலில் அண்ணன் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பின்னால் ரேவதி.

"மதுரைக்கு எப்பம் பஸ்ஸு?" என்றார்.

மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம். ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டு, "இவங்க?" என்றார்.

"எறந்துட்டா" என்றார் அண்ணன்.

"எதுனால?"

காய்ச்சல் என்று சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். மிகவும் கேவலமான வார்த்தைகள்.

"மார்ல கட்டி. பொறவு புண்ணாச்சு" என்றார் அண்ணன். "கட்டிக் குடுத்த வீட்டுல வேண்டாம்னு கொண்டாந்து விட்டுட்டாக. வாடை அடிச்சுது. பிள்ளைகளெல்லாம் இருந்த வீடு. மாட்டுக் கொட்டத்துல கட்டிலைப் போட்டோம். கடைசி வரைக்கும் அங்கதான் கெடந்தா. தம்பிக்கு எழுதட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னுட்டேன்."

ரேவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலோசகரின் பேனா நின்றுவிட்டது. தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இதைவிடச் சின்னக் குற்றத்துக்கானவை.

அண்ணன் மேசை மேலிருந்த தாளைப் பார்த்தபடி கேட்டார்: "அந்தக் காலத்துல இதுக்கு வைத்தியம் கெடையாதுல்லம்மா?"

இல்லை என்று சொல்லிவிட அந்த அம்மாளால் முடிந்திருக்கும். எங்களை மறுபடி பார்க்க வேண்டிய கட்டாயம்கூட அவருக்கு இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த மாத்திரை இல்லங்க. ஆனா ஆபரேஷன் அப்பவும் இருந்துச்சு. மதுரையிலேயே இருந்துச்சு."

அண்ணன் தலையை ஆட்டினார். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அவருக்கும் அது இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். இதுவரை நோய் இல்லை. சொன்ன தேதியில் பரிசோதனைக்கு வருகிறார், நானும் உடன் போகிறேன். அவர் மேல் எனக்கு இருந்த இளக்காரம் அந்த அறையோடு தீர்ந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தீரவில்லை. ஆனால் பஸ்ஸில் இப்போது பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் உட்காருகிறோம். போன தடவை, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், நான் கேட்காமலே அவர் சொன்னார்: "கொட்டத்துக்குள்ள வெளிச்சம் இல்லேன்னு ஒரு லைட்டு போட்டுக் குடுக்கச் சொன்னா, லே. நாளைக்குப் போடுதேன்னேன்."